மூக்கனேரிக் கரையில் எழுதப்படும் பட்டியல்

மாட்டுப் பொங்கலன்று காலை ஆறேகால் மணிக்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரியின் கரையில் நின்றால், வடக்கே சேர்வராயன் மலை இன்னும் கறுத்த நிழலாகவே தெரியும். ஏரிக்குள் இருக்கும் மண்திட்டுகளின் மரங்களில் இரவு தங்கிய நீர்க்காகங்கள் ஒவ்வொன்றாகச் சிறகை விரித்து உதறத் தொடங்கும். அப்படியொரு காலையில் எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, கோடு போட்ட பள்ளி நோட்டை முழங்கையில் தாங்கிக்கொண்டு, ஒரு திட்டிலிருந்த நீர்க்காகங்களைப் பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டிருந்தாள். எழுபதைத் தாண்டியபோது கூட்டத்தில் ஒரு பகுதி எழும்பி அடுத்த திட்டுக்குப் போய்விட்டது. "அண்ணா, பறந்து போனதையும் சேத்துக்கலாமா?" என்று கேட்டாள். "சேத்துக்கலாம் கண்ணு. ஆனா அங்க போயி உக்காந்ததுக்கப்புறம் மறுபடியும் எண்ணிடக் கூடாது" என்றேன். அவள் எழுதியதை அடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். யாரும் அவளை மறுபடி எண்ணச் சொல்லவில்லை. எண்ணுவது அவளுக்குப் பிடித்திருந்தது, சரியாக எண்ணுவது அதைவிடப் பிடித்திருந்தது.

அன்று மாலைக்குள் அந்த எண், நாள், நேரம், இடம் ஆகிய விவரங்களோடு ஒரு பொதுத் தரவுத்தளத்தில் சேர்ந்தது. அங்கிருந்து அது எங்கே போகிறது, யாருக்கு எவ்வாறு பயன்படுகிறது, ஒரு சிறுமியின் விடுமுறை விளையாட்டு நாட்டின் பறவைகளைப் பற்றிய முடிவுகளில் இடம்பெறுவது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இன்பமாகப் பொழுதைக் கழிப்பதும் ஊருக்கு நன்மை செய்வதும் ஒரே செயலுக்குள் அடங்க முடியுமா என்ற பெரிய கேள்விக்கு, எனக்குத் தெரிந்தவரை சேலத்தில் கிடைக்கும் தெளிவான விடைகளுள் இதுவும் ஒன்று.

நம் மொழியில் இவ்விரண்டுக்கும் வழங்கும் சொற்களே இவற்றை எதிரெதிராக நிறுத்தியிருக்கின்றன. பொழுதுபோக்கு என்றால் பொழுதைப் போகவிடுவது. தொண்டு என்ற சொல்லிலோ அடிமைப்பணி என்ற பழைய பொருளின் சாயல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்னதில் எதுவும் மிஞ்சாது, பின்னதில் நமக்கென்று எதுவும் கிடைக்காது என்ற எண்ணம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் போனால் அது கூத்து, ஏரியில் இறங்கிக் குப்பை அள்ளினால் அது சேவை என்று பிரித்துப் பேசியே பழகிவிட்டோம். முகம் சுருங்கச் செய்வதுதான் உண்மையான சேவை என்று நினைப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

இன்பத்தையும் பயனையும் இணைக்கும் முயற்சிகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். நிதி திரட்டுவதற்காக நடத்தப்படும் மாரத்தானில் ஓட்டம் ஒரு பக்கம், உதவி இன்னொரு பக்கம். இரண்டையும் இணைப்பது நுழைவுக் கட்டணம் மட்டுமே. 2016 வாக்கில் சுவீடனில் தொடங்கி உலகெங்கும் பரவிய 'பிளாக்கிங்' என்ற பழக்கத்தில், ஓடுகிறவர்கள் வழியில் கிடக்கும் குப்பையையும் குனிந்து பொறுக்கிக்கொண்டே ஓடுகிறார்கள். இதில் பிணைப்பு சற்று நெருக்கமானது, என்றாலும் குப்பையே இல்லாத சாலையிலும் ஓட்டம் ஓட்டமாகத்தான் இருக்கும். மூன்றாவது வகையில் பொழுதுபோக்கை எவ்வளவு ஈடுபாட்டோடும் நுணுக்கமாகவும் செய்கிறோமோ அந்த அளவுக்கே பொதுப் பயனும் கூடுகிறது. இரண்டையும் பிரித்தெடுக்கவே முடியாது. பறவை பார்த்துப் பட்டியல் எழுதுவது இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

அந்தப் பட்டியல் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பயன் முழுவதும் அதன் அமைப்பில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் தேசிய ஆடுபன் சங்கமும் 2002-இல் 'இபேர்ட்' என்ற இணையத் தரவுத்தளத்தைத் தொடங்கின. யார் வேண்டுமானாலும், உலகின் எந்த மூலையிலிருந்தும், தாம் பார்த்த பறவைகளை அதில் பதிவு செய்யலாம். ஆனால் "இன்று ஒரு பஞ்சுருட்டான் பார்த்தேன்" என்று எழுதுவதற்கும் முழுமையான பட்டியல் ஒன்றை அளிப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. முழுமையான பட்டியலில், எத்தனை மணிக்குத் தொடங்கினோம், எவ்வளவு நேரம் பார்த்தோம், எவ்வளவு தொலைவு நடந்தோம் என்பவற்றோடு, அடையாளம் கண்ட எல்லா வகைகளையும் விடாமல் எழுத வேண்டும். அழகான அரசவால் ஈப்பிடிப்பானை எழுதிவிட்டுக் காக்கையையும் மைனாவையும் விட்டுவிடக் கூடாது. எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று ஒருவர் உறுதி கூறும்போதுதான், அவர் எழுதாத பறவை அந்த நேரத்தில் அங்கே காணப்படவில்லை என்பதும் ஒரு தகவலாகிறது. இல்லாமையைப் பதிவு செய்யும் இந்த ஏற்பாடுதான் பட்டியலின் உயிர்.

ஒரு மாவட்டத்தில் எழுதப்பட்ட நூறு பட்டியல்களில் நாற்பதில் ஒரு பறவை இடம்பெற்றிருந்தது என்றும், பத்தாண்டுகளுக்குப் பிறகு அதே பருவத்தில் எழுதப்பட்ட நூறில் இருபத்தைந்தில் மட்டுமே இருக்கிறது என்றும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அந்த மாவட்டத்தில் அப்பறவைகள் மொத்தம் எத்தனை என்பது யாருக்கும் தெரியாவிட்டாலும், அது குறைந்துவருகிறது என்பது தெரிந்துவிடும். இதற்கு வல்லுநர்கள் தேவையில்லை, ஆண்டுக்கணக்கில் சலிக்காமல் எழுதும் நிறைய சாதாரண மனிதர்களே தேவை. தவறுகள் நேராமல் இல்லை. ஓரிடத்துக்குப் பொருந்தாத பறவையையோ நம்ப முடியாத எண்ணிக்கையையோ ஒருவர் பதிவு செய்தால் தரவுத்தளம் அதைத் தனியே எடுத்து நிறுத்தும். அப்பகுதியின் பறவைகளை நன்கு அறிந்த தன்னார்வலர் ஒருவர் படம் இருக்கிறதா, எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று எழுதிக் கேட்பார். அப்படியொரு மடல் எனக்கும் வந்திருக்கிறது. வால் நீளத்தைத் தவறாகப் பார்த்திருந்தேன் என்று ஒப்புக்கொண்டு திருத்தினேன். அன்றிலிருந்து வாலைப் பார்க்காமல் எந்தப் பஞ்சுருட்டானையும் எழுதியதில்லை.

இந்தியாவில் இத்தகைய கூட்டுப் பதிவுக்கு முன்னோடியாக, வலசைப் பறவைகளின் வருகையைப் பொதுமக்கள் குறித்துவைக்கும் 'மைக்ரன்ட்வாட்ச்' திட்டம் 2007-இல் தொடங்கியது. வட அமெரிக்காவில் 1998-இல் பிறந்து பின்னர் உலகம் முழுவதும் பரவிய 'கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட்' என்ற நான்கு நாள் பிப்ரவரிக் கணக்கெடுப்பில் இந்தியர்கள் 2013 முதல் கலந்துகொள்கிறார்கள். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015-இல் நமக்கே உரிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்து எழுதினால் போதும். அந்த இடம் வேடந்தாங்கலாக இருக்க வேண்டியதில்லை, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொட்டை மாடியாகவும் இருக்கலாம்.

இவ்வாறு சேர்ந்த பட்டியல்களிலிருந்து என்ன கிடைத்தது? நாட்டிலுள்ள ஆய்வு நிறுவனங்களும் பாதுகாப்பு அமைப்புகளும் இணைந்து இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையை 2020-இலும் 2023-இலும் வெளியிட்டன. இரண்டாவது அறிக்கை, ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்கள் அளித்த சுமார் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 வகைகளில் 60 விழுக்காடு குறைந்துவந்திருக்கின்றன என்பது அதன் கவலைக்குரிய முடிவு. 178 வகைகளுக்கு உடனடிப் பாதுகாப்பு முன்னுரிமை வேண்டும் என்றும் அது கூறியது. இத்தனை பெரிய நாட்டில் சம்பளத்துக்கு ஆள் வைத்து இந்தக் கணக்கை எடுப்பது எந்த அரசாலும் முடிகிற காரியமல்ல.

அந்த அறிக்கையில் என்னை நிறுத்திவைத்த பெயர் பனங்காடை. சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர் போகிற எவரும் அதைப் பார்த்திருப்பார்கள்: மின்கம்பியில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு மங்கலாக உட்கார்ந்திருக்கும், எழுந்து பறந்தால் சிறகுகளில் இரண்டு வகை நீலமும் பளிச்சென்று விரியும். எங்கும் காணப்படும் பறவை என்பதாலேயே அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. ஆனால் பட்டியல்கள் வேறு கதை சொல்லின. அண்மை ஆண்டுகளில் 30 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்துவிட்ட, ஆகவே அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களை மதிப்பிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் அவற்றின் நிலையை மறுபடி மதிப்பிட வேண்டிய 14 வகைகளில் பனங்காடையும் ஒன்று என்று அறிக்கை பரிந்துரைத்தது. அரிய பறவையைத் தேடிப் போகிறவர் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஒவ்வொரு நாளும் கண்ணில் படுவதையும் சலிக்காமல் எழுதிவைத்தவர்களால்தான் இது தெரியவந்தது.

பரவலான நம்பிக்கைகள் திருத்தப்படவும் இதே பட்டியல்கள் உதவின. கைப்பேசிக் கோபுரங்களால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று நம் ஊரில் மேடைதோறும் பேசப்படுகிறது. 2020 அறிக்கையின்படி நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவிகளின் நிலை கடந்த கால்நூற்றாண்டில் ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது. பெருநகரங்களில்தான் அவை குறைந்திருக்கின்றன. கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. மறுபக்கம், மயில்கள் பெருகிவிட்டன என்று கொங்கு நாட்டு உழவர்கள் சொல்லிவருவது உண்மையே என்பதையும் பட்டியல்கள் உறுதிப்படுத்துகின்றன. பாதுகாப்புக்கு ஒதுக்கும் பணமும் கவனமும் எங்கே போக வேண்டும் என்ற முடிவு, இப்படிச் சரிபார்க்கப்பட்ட தகவலின் மேல் நிற்பது நல்லது.

சேர்வராயன் மலையின் பறவைகளைப் பற்றிய பழைய அறிவு வேறு விதமாகத் திரட்டப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1929-30-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சார்பில் நடந்த வெர்னே அறிவியல் ஆய்வுப் பயணம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பறவைகளைச் சேகரித்தபோது, சேர்வராயன் மலையும் அதன் வழியில் இருந்தது. அக்கால முறைப்படி துப்பாக்கியால் சுட்டு, தோலுரித்துப் பதப்படுத்தி, அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார்கள். அந்தத் தொகுப்பின் அறிவியல் மதிப்பை நான் குறைத்துப் பேசவில்லை; ஆனால் அது ஒரு பயணத்தில் கிடைத்த ஒரு காட்சி மட்டுமே. இன்று அதே மலையில் வாராவாரம், எந்தப் பறவைக்கும் ஒரு சிறகும் உதிராமல், பதிவுகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. சேலம் பறவையியல் கழகத்தினர் போன்ற உள்ளூர் ஆர்வலர்கள் இதைத் தொடர்ந்து செய்வதனால்தான் மாவட்டத்தின் பறவைகளைப் பற்றி நம்மால் உறுதியாகப் பேச முடிகிறது.

எண்ணுவதற்குப் பறவை இருக்க வேண்டுமானால் அது இறங்குவதற்கு நீர்நிலை இருக்க வேண்டும். சேர்வராயன் மலையின் சரிவுகளில் பெய்யும் மழைநீரைப் பெறும் மூக்கனேரி 58 ஏக்கர் பரப்புடையது. 2010-இல் சேலம் மக்கள் குழு என்ற குடிமக்கள் அமைப்பு மாவட்ட நிர்வாகத்தின் இசைவோடு அதைச் சீரமைக்கும் பணியை எடுத்துக்கொண்டது. தூர்வாரிய மண்ணை வெளியே அள்ளிக்கொண்டு போகாமல் ஏரிக்குள்ளேயே நாற்பதுக்கும் மேற்பட்ட திட்டுகளாகக் குவித்து, அவை கரையாமல் இருக்க மரக்கன்றுகளையும் வெட்டிவேரையும் நட்டார்கள். இதனால் மண்ணை ஏற்றிச் செல்லும் செலவு மிஞ்சியது. நாலாபுறமும் நீர் சூழ்ந்த திட்டுகள், நாயும் மனிதரும் எளிதில் நெருங்க முடியாத தங்குமிடங்களாகப் பறவைகளுக்கு வாய்த்தன. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் செந்நாரையும் இன்று நகரத்தின் விளிம்பிலேயே காணக் கிடைப்பதற்கு அந்த உழைப்பே காரணம். மண் சுமந்தவர்கள் பறவை பார்க்க வந்தவர்கள் அல்லர் என்பதையும், பறவை பார்க்கிறவர்கள் இன்று நுகரும் மகிழ்ச்சிக்கு அவர்கள் வியர்வை முதலீடாக இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

இனி, இன்பம் எதற்கு என்ற கேள்விக்கு வருவோம். நன்மைதான் நோக்கம் என்றால் கடமையாகவே செய்துவிட்டுப் போகலாமே? உளவியலில் இதற்கு நேரடியாகத் தொடர்புள்ள பழைய ஆய்வு ஒன்று இருக்கிறது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவரும், படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் கொண்ட மழலைப்பள்ளிக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். அக்குழந்தைகள் வரைந்தார்கள், சான்றிதழும் பெற்றார்கள். சில நாட்களுக்குப் பிறகு எந்தப் பரிசுப் பேச்சும் இல்லாமல் வண்ணப் பேனாக்களைப் பொதுவில் வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடமோ எதுவும் பெறாதவர்களிடமோ அந்தச் சரிவு காணப்படவில்லை. தானாகப் பிடித்துச் செய்த செயல், "இதற்காகச் செய்கிறேன்" என்ற காரணம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதும் தன் இழுப்பை இழந்துவிட்டது.

இதை நான் கண்ணாலும் கண்டேன். சேலத்திற்கு அருகில் ஒரு கல்லூரியில் ஐந்தாறு மாணவர்கள் தாமாகவே வளாகத்தில் பறவைகளைப் பதிவு செய்துவந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட நிர்வாகம், நல்ல எண்ணத்தோடுதான், அடுத்த ஆண்டு இரு துறைகளுக்கு அதைக் கட்டாயமாக்கி வருகைப்பதிவும் சான்றிதழும் அறிவித்தது. ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் வந்தார்கள். பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டிருந்தன. ஆலமரத்தடியில் இருந்த ஒரே புள்ளி ஆந்தை பதினேழு பட்டியல்களில் இடம்பெற்றது. மூன்றாம் ஆண்டில், முதலில் தொடங்கிய ஐந்தாறு பேரும்கூட வரவில்லை. அந்தப் பதினேழு பட்டியல்களையும் நீக்கச் சொல்லி எழுத வேண்டியிருந்தது. தரவு கெட்டது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பிள்ளைகளின் காலைப் பொழுது பறிபோனதுதான் எனக்கு இன்றுவரை வருத்தம்.

நம் நீர்நிலைகளின் வரலாற்றிலும் இதையொத்த ஒரு பாடம் கிடைக்கிறது. மழைக்கு முன்பு ஊரார் கூடி ஏரியையும் வாய்க்காலையும் செப்பனிடும் குடிமராமத்து வழக்கத்தில், அள்ளிய வண்டல் அவரவர் வயலுக்கு எருவாகப் போயிற்று. கூடி உழைத்த களிப்பும் இருந்தது, கைமேல் பலனும் இருந்தது. அந்த வழக்கம் தளர்ந்தபோது, அதை மீட்பதற்குப் பதிலாக, அந்த உழைப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் ஒன்று 1858-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. வராதவரிடம் பணம் வசூலிக்கவும் அது வழிவகுத்தது. சட்டத்தால் வழக்கம் மீளவில்லை. வழக்கம் அழிந்ததற்கு வருவாய் முறையும் நில உரிமை மாற்றமும் உள்ளிட்ட பல காரணங்கள் உண்டு என்பதால் பழியை முழுவதும் கட்டாயத்தின் மேல் சுமத்த மாட்டேன். ஆயினும், தம் ஏரி என்று வந்தவர்களைத் தண்டனைக்கு அஞ்சி வரவைக்க முயன்றது எதையும் மீட்கவில்லை என்பது கண்கூடு. தமிழ்நாடு அரசு 2017-இல் குடிமராமத்து என்ற பெயரைத் திட்டமாக மீட்டெடுத்தது. பெயரோடு அந்தப் பங்கேற்பும் திரும்பிய ஊர்களில்தான் அது நிலைக்கும்.

மலைமேல் நிலைமை வேறு. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலிருக்கும் ஏற்காட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இன்பத்துக்காகவே போகிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பியை இங்கே அறிமுகப்படுத்திய காலம் தொட்டு, மலையின் பெரும்பகுதி நிழல் மரங்களுக்கடியில் வளரும் காப்பித் தோட்டமாக மாறிவிட்டது. பலவகை நிழல் மரங்களை விட்டுவைத்திருக்கும் தோட்டம் பறவைகளுக்கு ஏறக்குறைய ஒரு காடு. நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே தங்கும் ஆறுமணிக் குருவி, காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டி இரண்டு சீழ்க்கையாகக் குரல் கொடுக்கும். காப்பிச் செடிகளுக்கடியில் உதிர்ந்த இலைகளைப் புரட்டிக்கொண்டு அது தத்திப் போவதைப் பார்க்க வேண்டுமானால், ஓரிடத்தில் அசையாமல் கால் மணி நேரம் உட்கார வேண்டும். வயிற்றில் சிவப்பு, சிறகில் நீலமும் பச்சையும், கண்ணுக்குக் கறுப்பு மை. ஒருமுறை அது என் காலணியிலிருந்து நான்கடி தூரத்தில் ஒரு மண்புழுவை இழுத்தபோது மூச்சைக் கூட அடக்கிக்கொண்டேன்.

அதே குருவியைக் கைப்பேசியில் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதன் இடத்தில் வேறொரு குருவி புகுந்துவிட்டதாக எண்ணி அது பதறி வெளியே வருகிறது. படம் எடுத்தவர் மகிழ்ந்து போய்விடுகிறார், அடுத்த வண்டியில் வருகிறவர் மறுபடியும் ஒலிக்கவிடுகிறார். கூட்டை நெருங்கிப் படம் எடுப்பதும் இதே வகை. வளைவுகளில் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்கு நொறுக்குத்தீனி போடுகிறவரும் அதைக் கருணை என்றே நினைக்கிறார். இன்பம் இருந்தால் நன்மை தானே விளையும் என்று சொல்ல முடியாததற்கு இவையே சான்று. முழுமையான பட்டியல் போன்ற ஒழுங்கு ஒன்று உடன் இருந்தால்தான் இன்பம் பொதுப் பயனாகிறது. வேட்டைப் படம் போல ஒன்றைக் கைப்பற்றுவதே குறிக்கோளாகிவிட்டால் அதே இன்பம் தீங்காகவும் மாறும். அரிய, தொல்லைக்குள்ளாகக்கூடிய பறவைகளின் சரியான இடத்தைத் தரவுத்தளமே மறைத்துவைக்கிறது என்பது இந்த அபாயத்தை உணர்ந்து செய்யப்பட்ட ஏற்பாடு.

பறவையில் நாட்டமில்லாதவர்களுக்கு மரம் இருக்கிறது. 'சீசன்வாட்ச்' என்ற திட்டத்தில் சேருகிறவர், தம் வீட்டருகே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை அதில் தளிர், பூ, காய், பழம் எவ்வளவு என்று குறித்துவருகிறார். மாம்பழத்துக்குப் பேர்போன மாவட்டத்தில், மாமரம் எந்த வாரம் பூக்கிறது என்பதை ஆண்டுதோறும் எழுதிவைக்கும் ஆயிரம் வீடுகள் இருந்தால், பருவம் தப்புவதைப் பற்றி நாம் உணர்ச்சியால் அல்ல, கணக்கால் பேசலாம்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டியல்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலும், வண்டி போகும் சாலையோரங்களிலும், ஏற்கெனவே பெயர் பெற்ற ஏரிகளிலுமே குவிகின்றன. மூக்கனேரிக்கு இருக்கிற பதிவுகளில் பத்தில் ஒரு பங்கு சேர்வராயன் மலையின் உள்கிராமங்களுக்கு இருந்தால் பெரிய காரியம். அந்தக் கிராமங்களில் தலைமுறைகளாக வாழும் மலையாளி பழங்குடி மக்கள், எந்தப் பறவை எந்த மரத்தில் எப்போது கத்தும் என்று பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள். பைனாகுலரும் இணைய இணைப்பும் உள்ளவரின் நோட்டில் மட்டுமே பறவை இருப்பதாக ஆகிவிட்டால் அது அறிவுக்கே இழப்பு. விடியற்காலையில் தனியாக ஏரிக்கரைக்குப் போகப் பெண்களுக்கு இருக்கும் தயக்கம் இன்னொன்று. கூட்டமாகப் போகும் நடைகள் அதை ஓரளவுதான் தீர்க்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, சேர்வராயன் மலையில் பிறந்து நகரின் நடுவே சாக்கடையைச் சுமந்துகொண்டு காவிரிக்குப் போகும் திருமணிமுத்தாற்றை எந்தப் பட்டியலும் தூய்மையாக்கிவிடாது. அது உள்ளாட்சியும் அரசும் செய்ய வேண்டிய வேலை. நம் பொழுதுபோக்கைக் காட்டி அவர்கள் தப்பித்துக்கொள்ள இடம் தரக் கூடாது. ஆனால் ஆற்றோரம் எந்தப் பறவைகள் வந்தன, எவை வராமல் நின்றன என்ற பத்தாண்டுக் கணக்கு கையில் இருந்தால் கேட்கிறவர்களின் குரலுக்கு வலு கூடும்.

பொங்கல் கணக்கெடுப்பு நடக்கும் நாட்களில்தான் காணும் பொங்கலும் வருகிறது. சேலத்துக் குடும்பங்கள் கட்டுச்சோற்றோடு ஏற்காட்டுக்கும் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கும் கிளம்பும் நாள் அது. அவர்களில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒருவர், சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே கால் மணி நேரம் சுற்றிலும் பார்த்து எழுதினால், பண்டிகையில் எதுவும் குறையப் போவதில்லை.

அன்று மூக்கனேரியில் வெயில் ஏறியதும் கரையோரத்து டீக்கடையில் உட்கார்ந்து அந்தச் சிறுமியின் நோட்டைச் சரிபார்த்தோம். நீர்க்காகம் எண்பத்து நான்கு, முக்குளிப்பான் ஒன்பது, தாழைக்கோழி, மடையான், வெண்மார்பு மீன்கொத்தி, காக்கை உட்பட மொத்தம் இருபத்தாறு வகைகள். பனங்காடை இல்லை. "வர்ற வழியில கோரிமேட்டுல கம்பி மேல ஒண்ணு இருந்துச்சுண்ணா. ஆனா அது இந்த ஏரியில இல்லையே, அதான் எழுதல" என்றாள். அதற்குத் தனியாக ஒரு பட்டியல் போடலாம் என்றேன். "அப்ப அங்க கால் மணி நேரம் நிக்கோணுமில்ல?" என்று கேட்டுவிட்டு, டீயை அப்படியே வைத்துவிட்டு, அப்பாவின் வண்டியை நோக்கி நடந்தாள்.